ஓட மறுக்கும் குட்டி நீராவி எஞ்சின்

நீராவி ரயில் எஞ்சினின் சிறுவடிவங்கள் இருவகைப்படும். மின்மோட்டாரால் ஓடி, நீராவி எஞ்சினின் தோற்றத்தை மட்டும் காட்டுவது ஒரு வகை. தன்னுள்ளேயே நெருப்பை எரித்து, நீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியின் உந்துதலாலேயே சக்கரங்களைச் சுழற்றுவது மற்றொரு வகை. இரண்டாவது வகையை ஆக்குவதும் ஓட்டுவதும் பிரிட்டனில் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு கைவினை மரபாகும். பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898இல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' என்னும் இதழைச் சுற்றி அம்மரபு வளர்ந்தது. இத்தகைய எஞ்சின் ஒன்று ஓடாமல் நின்றுவிட்டாலோ, சில அடி தூரம் போய் மூச்சு வாங்கினாலோ, அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது அதன் வால்வுகளில்தான். கண்ணுக்குத் தெரியும் நுணுக்கமான பகுதி அதுவே என்பதால் குறையும் அங்கேதான் இருக்கும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில், தொழிற்சாலையில் சரியாகப் பொருத்தப்பட்ட வால்வு தானாக இடம் மாறுவது அரிது. நெருப்பு, நீர், எண்ணெய் ஆகிய மூன்றிலும் நேரும் சிறு பிழைகளே வால்வின் பழுதைப் போல வேடமிட்டு வருகின்றன. ஆகவே, நெருப்பில் தொடங்கிப் புகைபோக்கியில் முடியும் நீராவியின் பாதையை அதன் வரிசைப்படியே பின்தொடர்ந்து செல்வதுதான் பழுது காண்பதற்கான நேர்வழி.

தோட்டங்களில் தண்டவாளம் அமைத்து ஓட்டப்படும் எஞ்சின்களில் மிகப் பரவலான ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வேல்ஸ் நாட்டு மலைப்பாதைகளில் ஓடிய, தண்டவாளங்களுக்கிடையே ஏறத்தாழ இரண்டடி அகலமே உள்ள குறுகிய ரயில்களைப் பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால், 32 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் கிடைக்கிறது. அதன் கொதிகலன் செம்பாலானது. அதன் நடுவே ஓடும் ஒற்றைக் குழாய்க்குள் பியூட்டேன் வாயுச் சுடர் எரிகிறது. இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.8 பார் வரை ஏறும். வீட்டுச் சமையலறைக் குக்கரில் உருவாகும் அழுத்தத்தைப் போல் இது இரண்டரை மடங்குக்கும் அதிகம். அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலையும் 140 டிகிரி செல்சியசை எட்டிவிடுகிறது. கொதிகலனிலிருந்து புறப்படும் நீராவி, ரெகுலேட்டர் எனப்படும் திறப்பான் வழியாக எண்ணெய்க் கிண்ணத்தைக் கடந்து, வால்வுப் பெட்டிக்குள் நுழைந்து, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது.

இந்தப் பாதையில் எங்கே தடை என்று அறிய, அழுத்தமானியின் முள்ளை முதலில் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரைத் திறந்தபின் முள் கிடுகிடுவென இறங்கினால், நீராவி போதிய அளவு உண்டாகவில்லை, அல்லது வேலை செய்யாமலேயே எங்கோ நழுவிப் போகிறது என்று பொருள். முள் அசையாமல் உயரத்திலேயே நிற்க, எஞ்சின் மட்டும் நகராமல் இருந்தால், நீராவிக்கு வழி அடைபட்டிருக்கிறது அல்லது சக்கரங்களும் தண்டுகளும் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துவிட்டாலே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நெருப்பு மூட்டுவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. குளிர்ந்த எஞ்சினை, ரெகுலேட்டரைத் திறந்து வைத்த நிலையில், தண்டவாளத்தின் மேல் கையால் மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். முழுச் சுற்றிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் குறையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கை இறுக்கத்தை உணர்ந்தால், இணைப்புத் தண்டுகளைக் கழற்றிவிட்டு மீண்டும் தள்ள வேண்டும். இறுக்கம் மறைந்துவிட்டால் குறை தண்டுகளிலோ சக்கரப் பொருத்தத்திலோ உள்ளது. நீராவி எஞ்சினில் ஒரு பக்கத்துக் கிராங்க் மறுபக்கத்துக் கிராங்கைவிட 90 டிகிரி முந்தியோ பிந்தியோ நிற்கும்; ஒரு பிஸ்டன் தன் ஓட்டத்தின் முனையில், தள்ளும் ஆற்றலின்றி நிற்கும் கணத்தில், மற்றது முழு வலுவோடு தள்ளுவதற்காக இந்த ஏற்பாடு. இக்கோணம் துல்லியமாக 90 ஆக இருப்பதைவிட, எல்லா அச்சுகளிலும் ஒரே அளவாக இருப்பதே முக்கியம். ஓர் அச்சில் 89, மற்றொன்றில் 91 என்று அமைந்துவிட்டால், தண்டுகளின் நீளம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சுற்றில் ஓரிடத்தில் அவை இறுகும். எஞ்சின் கீழே விழுந்தாலோ, சக்கரம் அச்சின் மேல் சற்றே நழுவினாலோ நேரும் இக்குறையை, தண்டின் துளையை அகலப்படுத்தி மறைக்க முயல்வோர் உண்டு. அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை அடக்குவதாகும். நழுவிய சக்கரத்தையே திருத்த வேண்டும்.

நெருப்பைப் பொறுத்தவரை, வாயுவின் இயல்பை அறியாமல் பழுது காண முடியாது. எரிவாயுத் தொட்டியில் பியூட்டேன் திரவமாக இருக்கிறது. அது ஆவியாக மாறித்தான் பர்னருக்கு வருகிறது. பியூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்கு அரை டிகிரி மட்டுமே கீழே என்பதால், குளிர்ந்த நாளில் அதன் ஆவியழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். மேலும், ஆவியாகும் திரவம் தன்னிடமிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், எரிய எரியத் தொட்டி இன்னும் குளிர்ந்து, வெளிப்புறத்தில் பனி படியும் அளவுக்குப் போகும். முதல் ஐந்து நிமிடங்கள் நன்றாக ஓடிய எஞ்சின் பிறகு தளர்வதற்கு இதுவே அடிக்கடி காரணம். தொட்டியை வெதுவெதுப்பான நீருள்ள சிறு பாத்திரத்துக்குள் அமைப்பது இதற்கான பழகிய தீர்வு. அழுத்தம் வேண்டுமென்பதற்காக, புரொப்பேன் மிகுந்த எரிவாயுவை இத்தொட்டிகளில் ஒருபோதும் அடைக்கக் கூடாது. புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனுடையதைப் போல் பல மடங்கு என்பதால், பியூட்டேனுக்கென்று செய்யப்பட்ட தொட்டி அதைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

வாயு பர்னருக்குள் நுழையும் வாயிலில் 'ஜெட்' என்னும் சிறு பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் துளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரிவதே அரிது. வாயுவுடன் வரும் ஒரு துகளோ எண்ணெய்த் திவலையோ அதைப் பாதி அடைத்துவிட்டால், சுடர் எரியும். ஆனால் நீரைக் கொதிக்க வைக்கும் வலு அதற்கு இருக்காது. கம்பியைச் செருகிச் சுத்தம் செய்தால் துளை பெரிதாகி, காற்றும் வாயுவும் கலக்கும் விகிதமே கெட்டுவிடும். ஜெட்டைக் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்து, வாயு வழக்கமாக வரும் திசைக்கு எதிர்த்திசையில் காற்றை ஊதி வெளியேற்றுவதே முறை. பர்னரின் நிலையைக் காதும் மூக்கும்கூடச் சொல்லிவிடும். ஊளையிடும் ஒலி வாயு அளவுக்கு மீறித் திறக்கப்பட்டிருப்பதைக் காட்டுகிறது. கண்ணை உறுத்தும் நெடி முழுமையாக எரியாத வாயுவைக் காட்டுகிறது. கொதிகலனின் முன்புறமுள்ள புகைப்பெட்டியின் வண்ணப்பூச்சு கருகுகிறது என்றால், சுடர் பர்னரை விட்டுப் புகைப்பெட்டிக்குள் குடியேறிவிட்டது என்று அறியலாம். அப்போது வெப்பம் நீருக்குச் சேராமல் வீணாகிறது. வாயுவை மூடி, சற்றுப் பொறுத்து, குறைந்த வாயுவில் மீண்டும் பற்றவைக்க வேண்டும்.

நெருப்பும் நன்றாக எரிந்து, அழுத்தமும் ஏறியபின், முதன்முறை ரெகுலேட்டரைத் திறக்கும்போது எஞ்சின் நகராமல், புகைபோக்கியிலிருந்து சூடான நீரைத் துப்புவது இயல்பான நிகழ்வே தவிர, பழுதன்று. குளிர்ந்த சிலிண்டரைத் தொட்டதும் நீராவி நீராகிவிடுகிறது. நீரை அழுத்திச் சுருக்க முடியாதாகையால் பிஸ்டன் அதன்மேல் முட்டி நிற்கிறது. எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் சில முறை மெல்ல உருட்டினால் நீர் வெளியேறி, உலோகம் சூடேறி, ஓட்டம் தொடங்கும். இந்நிலையில் வலுக்கட்டாயமாகத் தள்ளினாலோ ரெகுலேட்டரை முழுவதும் திறந்தாலோ தண்டு வளையும் அபாயம் உண்டு.

சிறிய எஞ்சினில் இந்தக் குளிர்தல் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கான விளக்கம், பழுதுபட்ட ஒரு மாதிரி எஞ்சினிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்த ஜேம்ஸ் வாட்டிடம், 1763–64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வகுப்பில் காட்டுவதற்கென வைத்திருந்த நியூகோமன் எஞ்சினின் மாதிரி ஒன்று பழுது பார்க்க ஒப்படைக்கப்பட்டது. அது ரயில் எஞ்சின் அன்று. சுரங்கத்து நீரை இறைக்கும் நிலையான எஞ்சினின் சிறுவடிவம். இரண்டு அங்குல விட்டமுள்ள அதன் சிலிண்டரில் பிஸ்டன் ஆறு அங்குலம் ஏறி இறங்கியது. வாட் அதைச் செப்பனிட்ட பிறகும், கொதிகலன் போதிய அளவு பெரிதாகத் தோன்றியும், எஞ்சின் சில வீச்சுகளுக்குப் பின் நீராவியின்றி நின்றுபோயிற்று. எந்த உறுப்பிலும் குறை இல்லை. குறை அளவிலேயே இருந்தது. சிறிய சிலிண்டரில், உள்ளடங்கும் நீராவியோடு ஒப்பிட, அதைக் குளிரச் செய்யும் சுவரின் பரப்பு மிக அதிகம் என்பதை அவர் கண்டார். ஒவ்வொரு வீச்சிலும் சிலிண்டரைக் குளிரவைத்து மீண்டும் சூடேற்றுவதிலேயே நீராவியின் பெரும்பகுதி அழிவதையும் அளந்தறிந்தார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் வேண்டும் என்ற 1765ஆம் ஆண்டுச் சிந்தனையும், 1769இல் பெற்ற காப்புரிமையும் இந்தச் சிறு எஞ்சினின் பிடிவாதத்திலிருந்தே பிறந்தவை. ஒரு பழுதை இவ்வளவு பொறுமையாகக் கேட்டறிந்தவர் தொழில்நுட்ப வரலாற்றில் வேறொருவரைக் காட்டுவது கடினம்.

வாட் கண்ட விகிதத்தை முன்சொன்ன தோட்ட எஞ்சினுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நீளத்தைப் பத்தொன்பதில் ஒரு பங்காக்கும்போது பரப்பு 361இல் ஒரு பங்காகிறது. கன அளவோ 6,859இல் ஒரு பங்காகிவிடுகிறது. அதாவது, ஒவ்வொரு துளி நீராவியையும் சூழ்ந்து நிற்கும் குளிர்ச்சுவர் பெரிய எஞ்சினில் உள்ளதைப் போல் 19 மடங்கு. மூல எஞ்சினைச் சுருக்கலாம். வெப்பத்தின் விதியைச் சுருக்க முடியாது. நீராவிக் குழாயின் மேல் கயிற்றுச் சுற்றும், கொதிகலனின் மேல் மரப்பட்டையோ பஞ்சு உறையோ இருப்பது அழகுக்காக மட்டுமன்று. அவற்றை இழந்த எஞ்சின் காற்று வீசும் நாளில் தடுமாறுவது இதனால்தான்.

இதே காரணத்தால், அழுத்தக் காற்றைச் செலுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனையின் பயனையும் எல்லையையும் புரிந்துகொள்ள வேண்டும். காற்று குளிர்ந்து நீராவதில்லை. ஆகவே காற்றில் இனிதாக ஓடும் எஞ்சின் நீராவியில் ஓடாவிட்டால், வால்வும் தண்டுகளும் பெரும்பாலும் சரியாக உள்ளன, குறை வெப்பத்திலோ எண்ணெயிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் சூட்டில் பிஸ்டனும் சிலிண்டரும் வெவ்வேறு அளவில் விரிந்து இறுகும் குறையைக் குளிர்ந்த காற்று காட்டிக்கொடுக்காது.

எண்ணெய்தான் இப்பாதையில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் இடம். சிலிண்டருக்குள் 140 டிகிரி சூடும் ஈரமும் சேர்ந்திருப்பதால், தையல் இயந்திரத்துக்கோ மோட்டார் வண்டிக்கோ உரிய எண்ணெய் அங்கே நிலைத்து நிற்காது. நீராவி எஞ்சின்களுக்கென்றே தயாராகும் தடித்த எண்ணெய் வேண்டும். அதைச் செலுத்தும் கிண்ணத்தில் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை என்பது வியப்புக்குரியது. நீராவிக் குழாய் கிண்ணத்தின் உச்சிவழியே செல்கிறது. குழாயில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை ஒன்று உண்டு. அதன் வழியே கிண்ணத்துக்குள் நுழையும் சிறிதளவு நீராவி குளிர்ந்து நீராகி, எண்ணெயைவிட எடை மிகுந்ததால் அடியில் தங்க, அந்த அளவு எண்ணெய் மேலெழும்பித் துளைவழியே நீராவியோடு கலந்து சிலிண்டரை அடைகிறது. ஓட்டம் முடிந்தபின் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்தால் நீர் வர வேண்டும். ஊற்றிய எண்ணெய் அப்படியே வந்தால் துளை அடைபட்டிருக்கிறது. சிலிண்டர் அத்தனை நேரமும் வறண்டு உராய்ந்திருக்கிறது. நீர் வந்தபின் மீண்டும் எண்ணெய் ஊற்றாமல் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினாலும் நிலை அதுவே. புகைபோக்கியின் விளிம்பில் எண்ணெயின் மெல்லிய பளபளப்பு படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை. விளிம்பு உலர்ந்திருந்தால், பிற சோதனைகளைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் சரிசெய்ய வேண்டும்.

வால்வைச் சந்தேகிக்கும் முறை இதன்பிறகே வருகிறது. பலவகை எஞ்சின்களில் உள்ளது அடிப்பக்கம் குடைந்த ஒரு சிறு உலோகக் கட்டை; மூன்று வாய்களுள்ள சமதளத்தின் மேல் அது முன்னும் பின்னும் நகர்ந்து, சிலிண்டரின் ஒரு முனைக்கு நீராவியை அனுப்பிக்கொண்டே மறுமுனையிலிருந்து வெளியேற்றுகிறது. அதைத் தளத்தோடு அழுத்திப் பிடிப்பது நீராவியேயாகையால், சும்மா தள்ளப்பட்ட எஞ்சினில் வால்வு தளத்தை விட்டுச் சற்றே எழும்பியிருக்கலாம். ரெகுலேட்டரைத் திறந்ததும் நீராவி முழுவதும் நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். எஞ்சினை ஓர் அங்குலம் அசைத்தாலே வால்வு அமர்ந்துவிடும் இடத்தில், திருகுகளைக் கழற்றத் தொடங்குவது வீண்வேலை. திசைமாற்று நெம்புகோல் இல்லாத எளிய எஞ்சின்களில், வால்வை நகர்த்தும் மையம் விலகிய வட்டு அச்சின் மேல் பாதிச் சுற்று தளர்வாகவே சுழலும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். எத்திசையில் ஓட வேண்டுமோ அத்திசையில் கையால் ஒரு தள்ளுத் தள்ளினால்தான் அது உரிய இடத்தில் போய் நிற்கும். இதை அறியாதவர் வட்டைத் திருகால் இறுக்கிவிட்டு, நல்ல எஞ்சினைத் தாமே பழுதாக்கிவிடுகிறார்.

உண்மையான வால்வுப் பிழையைச் செவியே கண்டுபிடிக்கும். இரண்டு சிலிண்டர்களிலும் பிஸ்டனின் இருபுறமும் நீராவி வேலை செய்வதால், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது புகைபோக்கியிலிருந்து நான்கு மூச்சுகள் சம இடைவெளியில் எழ வேண்டும். அவற்றில் ஒன்று மெலிந்தோ நெருங்கியோ ஒலித்தால், வால்வுப் பெட்டியின் மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, முன்வாயும் பின்வாயும் ஒரே அளவு திறக்கின்றனவா என்று நோக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் வால்வை அதன் தண்டின் மேல் அரைச் சுற்று திருகி நகர்த்துவது பெரும்பாலும் போதுமானது. இரண்டு வாய்களும் சரியாகத் திறந்தும் எல்லா மூச்சுகளும் ஒருங்கே பிந்தியோ முந்தியோ வந்தால், வட்டு அச்சோடு இறுக்கப்பட்ட எஞ்சின்களில் அதைப் பிடிக்கும் திருகு தளர்ந்து அது அச்சில் நழுவியிருக்கிறது என்று கருத இடமுண்டு. மூச்சுகளுக்கு இடையே ஓயாத சீறல் கேட்டால், நீராவி பிஸ்டனையோ வால்வையோ கடந்து கசிகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள பேக்கிங்கை மாற்றுவது அங்கே முதல் வேலை.

நிலக்கரியால் எரியும் பெரிய மாதிரிகளுக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. 1920களில், 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிய லில்லியன் லாரன்ஸ், இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் வளர்ந்த ஆளையே இழுத்துச் செல்லும் என்று காட்டியபின், இவ்வகை எஞ்சின்களைக் கட்டும் ஆர்வம் பெருகியது. இவற்றில் வேலை முடித்து வெளியேறும் நீராவியே புகைப்பெட்டியில் வெற்றிடத்தை உண்டாக்கி, நெருப்புக்குக் காற்றை இழுத்துத் தருகிறது. புகைப்பெட்டியின் கதவிலோ குழாய் நுழையும் துளையிலோ சிறு இடுக்கு இருந்தாலும் காற்று நெருப்பு வழியே வராமல் அங்கேயே நுழைந்துவிடும்; நெருப்பு மங்கும். ஓடும் எஞ்சினின் அருகே எரியும் ஊதுபத்தியைப் பிடித்தால், புகை எந்த இடுக்கில் உள்ளிழுக்கப்படுகிறது என்பது தெளிவாகத் தெரியும். வெளியேற்றுக் குழாயின் வாய் புகைபோக்கியின் நேர்மையத்தை நோக்காமல் சற்றே சாய்ந்திருந்தாலும் விளைவு இதுவே. குழாய்க்குள் ஒரு நேரான கம்பியைச் செருகி, அது புகைபோக்கியின் நடுவில் வெளிப்படுகிறதா என்று பார்த்தால் சாய்வு புலப்படும்.

கொதிகலனுக்குள் அளவுக்கு மீறி நீர் நிரப்புவதும், எண்ணெயோ சோப்போ கலந்து நுரைக்கும் நீரை ஊற்றுவதும், நீராவியோடு நீரும் சேர்ந்து சிலிண்டருக்குள் பாயக் காரணமாகும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீர் உட்சுவரில் படிந்து, காலப்போக்கில் வெப்பத்தையே மறித்துவிடும். இவையெல்லாம் எஞ்சினை வைத்திருப்பவரே சரிசெய்யக்கூடியவை. கொதிகலனின் மூட்டிலிருந்து நீர் கசிவதும், பாதுகாப்பு வால்வு உரிய அழுத்தத்தில் திறக்காமல் இருப்பதும் அவ்வகையில் சேரா. பாதுகாப்பு வால்வின் திருகை இறுக்கிக் கூடுதல் அழுத்தம் பெற முயல்வது உயிருக்கே ஆபத்தானது. வெள்ளிப் பற்றால் இணைக்கப்பட்ட கொதிகலனைத் தேர்ந்தவரே மீண்டும் பற்றவைக்க வேண்டும். அதன்பின், குளிர்ந்த நீரை முழுவதும் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும். நீர் அழுத்தத்தால் ஏறத்தாழச் சுருங்காது என்பதால், மூட்டு விட்டுப்போனாலும் சில துளிகள் தெறிப்பதோடு அழுத்தம் உடனே விழுந்துவிடுகிறது. காற்றும் நீராவியும் சுருங்கித் தம்முள் ஆற்றலைச் சேமிக்கும் இயல்புடையவை. ஆகவேதான் இச்சோதனையில் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.